மரடோனா படம் பார்த்தேன். பந்தே தெரியாதவள் எழுதுகிறேன், திட்ட வேண்டாம்

தேன்குழல் (காரைக்குடி) | ஞாயிறு, இரவு 10:52

முதல்லயே ஒத்துக்கிறேன். எனக்கு கால்பந்து தெரியாது. ஆஃப்சைடுன்னா என்னன்னு அண்ணன் மகன் தீப்பெட்டியை அடுக்கி வச்சு மூணு தடவை சொன்னான். மூணு தடவையும் தலையை ஆட்டினேன். ஒண்ணும் ஏறலை.

தீபாவளி ஆர்டர் நடக்குது. நேத்து ராத்திரி இரண்டாம் கட்டுல உக்காந்து தேன்குழல் பிழிஞ்சுக்கிட்டிருந்தோம். லீவுக்கு வந்த பய அரிசி டின் மேல லேப்டாப்பை வச்சு, "அத்தை, சீரியல் வேணாம், இதைப் பாருங்க"ன்னு போட்டான். 'டியேகோ மரடோனா', அந்த அர்ஜென்டினா கால்பந்து ஆட்டக்காரரைப் பத்தி 2019ல வந்த ஆவணப்படம். எடுத்தவர் ஆசிஃப் கபாடியா. ரெண்டு மணி பத்து நிமிஷம். பாதியில எந்திரிச்சுப் போயிருவேன்னுதான் நெனச்சேன். ஒரு ஈடு கருகிப்போச்சு, அவ்வளவுதான் சொல்லணும்.

ஆவணப்படம்னா கோட்டு போட்டவுக நாற்காலியில உக்காந்து, "அவர் ஒரு சகாப்தம்"னு பேசுவாக இல்லையா, இதுல ஒருத்தர் முகமும் அப்படி வரலை. குரல் மட்டும்தான் கேக்குது. படம் முழுக்கப் பழைய வீடியோ. 80களின் ஆரம்பத்துலயே அவரோட ஏஜென்ட் கேமராக்காரங்களை வச்சு அவர் பின்னாலயே சுத்த விட்டிருக்காராம். வெளியில வராத வீடியோவே 500 மணி நேரத்துக்கு மேல கெடைச்சுதாம். அதனால செத்தவரைப் பத்திப் பேசுற மாதிரி இல்லாம, பக்கத்து வீட்டுல நடக்குறதைத் தட்டி வழியா பாக்குற மாதிரி இருக்கு.

ஆரம்பமே ஒரு கார் சந்து பொந்தெல்லாம் பறக்குது. 1984 ஜூலை 5, இத்தாலியில நேப்பிள்ஸ். அதுவரைக்கும் உலகத்துல எந்த ஆட்டக்காரனுக்கும் குடுக்காத விலையைக் குடுத்து இவரை ஸ்பெயின் கிளப் பார்சிலோனாகிட்ட இருந்து வாங்கியிருக்கு ஒரு ஏழை ஊர். அன்னைக்கு மேட்ச்சே கெடையாது. ஆனா மைதானம் நிறைஞ்சு கெடக்கு. மனுசன் வந்து பந்தை நாலு தட்டு தட்டினதுக்கே அழுகுறாக. அதுக்கு முன்னாடி பத்திரிகைக்காரங்க கூட்டம். ஒருத்தர், இந்தப் பணத்துல கமோரா பணம் இருக்கான்னு கேக்குறார். கமோரான்னா அந்த ஊர் ரவுடிக் கும்பலாம். கேட்டவரை கிளப் தலைவர் அங்கேயே வெளியில போகச் சொல்லிடுறார். நடுவுல 23 வயசுப் பையன், சுருட்டை முடி, யாரு என்ன பேசுறாகன்னு புரியாம முழிக்குறான். அந்த முழியில நான் விழுந்துட்டேன்.

இன்னொண்ணு. எனக்கு இத்தாலின்னா எங்க வீட்டுப் பட்டாலையில கெடக்குற மார்பிள்தான். அப்பத்தா "இத்தாலிக் கல்லு, சோப்புத் தண்ணி ஊத்தாத"ன்னு சொல்லிச் சொல்லி வளத்தாக. இத்தாலின்னா எல்லாரும் பணக்காரங்கன்னு நெனச்சுட்டேன். படத்துல வடக்கத்தி ஊர்க்காரங்க நேப்பிள்ஸ்காரங்களைப் பாத்து "போய்க் குளிங்கடா"ன்னு பேனர் பிடிக்குறாக. 1973ல அங்க காலரா வந்துச்சாம், அதைச் சொல்லிப் பாட்டாவே பாடுறாக. ஒரே நாட்டுக்குள்ள!

கடைசிப் பக்கம் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து வருது. சுத்தி ஒரே கூத்து. கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே மாட்டேங்குது. கண்ணு எங்கயோ நிக்குது. அந்த எடத்துல எண்ணெய்ச் சட்டியை இறக்கி வச்சுட்டேன்.

பாத்தவங்க சொல்லுங்க. அந்த ஊர் இவரைக் கெடுத்துச்சா, இவரே கெட்டாரா?

—

முகப்புத்தூண் (தேவகோட்டை) | ஞாயிறு, இரவு 11:31

தாயே, நான் அந்தக் கதையின் ஒரு துண்டை நேரலையில் பார்த்தவன். அதை மட்டும் சொல்கிறேன்.

1990 ஜூலை 3. உலகக் கோப்பை அரையிறுதி, இத்தாலியும் அர்ஜென்டினாவும். நம் நேரத்துக்கு இரவு பதினொன்றரை மணி. எங்கள் தெருவில் டிவி வைத்திருந்த செட்டியார் வீட்டு முகப்பில் இருபது பேர். ஆன்டெனாவைத் திருப்ப மாடியில் ஒருவன், "தெரியுதா?" என்று அவன் கத்த, "இன்னுங் கொஞ்சம்" என்று நாங்கள் கத்த, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஆச்சி எழுந்து வந்து எல்லாரையும் ஒரு பிடி பிடித்தார். பிறகு அவரும் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நேப்பிள்ஸில், மரடோனாவின் சொந்த மைதானத்தில். இதைக் கதையாக எழுதிக்கொண்டு போனால் "நம்பும்படி இல்லை" என்று ஆசிரியர் திருப்பி அனுப்புவார். ஆட்டத்துக்கு முன் அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வருஷம் முழுக்க உங்களை இத்தாலியனாகவே மதிக்காதவர்கள் இன்று ஒரு நாள் மட்டும் இத்தாலிக்குக் கைதட்டச் சொல்கிறார்கள் என்று அந்த ஊர் ஜனங்களிடம் சொன்னார். மைதானத்தில் அதற்குப் பதில் பேனரே தொங்கியது: உன்னை நேசிக்கிறோம், ஆனால் இத்தாலி எங்கள் தாய்நாடு.

17ஆவது நிமிடம் ஸ்கிலாச்சி கோல். அவரும் தெற்கத்திக்காரர்தான், சிசிலியின் பலேர்மோ. இதைப் பலர் கவனிப்பதில்லை. 67இல் கனீஜியா தலையால் தட்டிச் சமன் செய்தார். அந்த உலகக் கோப்பையில் இத்தாலி வாங்கிய முதல் கோல் அதுதான். கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டி. அர்ஜென்டினா கோல்கீப்பர் கொய்கோசியா இரண்டைப் பிடித்தார். மரடோனா தன் முறையில் தப்பாமல் அடித்தார். மணி இரண்டு ஆகிவிட்டது. ஆச்சி, "பாவம், அந்த ஊரு அழுகுதே" என்றார். எங்களுக்கு அப்போது அது உறைக்கவில்லை. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம்.

ஐந்து நாள் கழித்து ரோமில் இறுதிப்போட்டி. அர்ஜென்டினாவின் தேசியகீதத்துக்கே மைதானம் ஊளையிட்டது. கேமரா வரிசையாக முகங்களைக் காட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றபோது, அவர் உதடு அசைத்துச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. 85ஆவது நிமிடம் மேற்கு ஜெர்மனிக்குப் பெனால்டி, 0–1. அதற்குப் பிறகு அந்த நாட்டில் அவருக்குக் காவல் என்று எதுவும் மிஞ்சவில்லை. 1991 மார்ச்சில் கோகெய்ன் சோதனையில் சிக்கினார், 15 மாதத் தடை. கோகெய்ன் அதற்கு முன்பே வருஷக் கணக்காக இருந்தது. அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் அந்த அரையிறுதிக்குப் பிறகு பார்க்க ஆரம்பித்தார்கள் என்பதுதான் படத்தின் கட்சி. என் கட்சியும் அதுவே.

—

லெஃப்ட்_பேக் (புதுவயல்) | திங்கள், காலை 6:14

அக்கா எழுதினது நல்லாருக்கு. ஆனா ஒரு குறை, உங்க மேல இல்ல, படத்து மேல. ரெண்டு மணி நேரத்துல ஆட்டம் எவ்வளவு வருது? இந்தாளு ஏன் சாமின்னு பந்து தெரியாதவங்களுக்குக் காட்டவே இல்ல.

நான் சொல்றேன். இவர் வர்றதுக்கு முந்தின சீசன்ல நாப்போலி, அதான் நேப்பிள்ஸ் ஊர் கிளப், தப்பிப் பொழச்சதே ஒரு புள்ளியிலதான். இல்லைன்னா கீழ் டிவிஷன். இவர் வந்த முதல் வருஷம் 8ஆவது இடம். அடுத்த வருஷம் 3. அதுக்கடுத்து 1986–87ல சாம்பியன், அந்த கிளப் வரலாற்றுலயே முதல் தடவை. 1989ல ஐரோப்பா கிளப்புங்க மோதுற யுஏஃபா கோப்பை, 1990ல மறுபடி லீக். உலகத்துலயே டிஃபென்ஸுக்குப் பேர் போன லீக் அது. பின்னாலேருந்து காலை வெட்டினாக்கூட ரெஃபரி விசில் ஊத யோசிப்பான். அதுக்கு முன்னாடி பார்சிலோனால ஆடுறப்ப 1983லயே கணுக்காலை ஒருத்தன் உடைச்சு விட்டிருந்தான். அந்தக் காலோட ஆடி நாப்போலிக்கு 115 கோல்.

"போய்க் குளிங்கடா" பேனர் வெரோனா ஊர்ல, இவரோட முதல் லீக் மேட்ச். 3–1 தோல்வி. அந்த வருஷம் கப்பே வெரோனாவுக்குத்தான்.

87ல கப்பு ஜெயிச்சதும் ஊரே தெருவுல கெடந்துச்சு. யாரோ கல்லறைத்தோட்டச் சுவத்துல எழுதிட்டுப் போனானாம், செத்தவங்களுக்கு: "என்னத்தைத் தவற விட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியாது." எனக்கு இது ஒண்ணு போதும்.

—

வடிகஞ்சி | திங்கள், காலை 7:40

கையால கோல் போட்டவரைப் பத்தி யாருமே பேச மாட்டீங்களா? ரசிகர் மன்றமா இது?

—

கணக்கப்பிள்ளை (கானாடுகாத்தான்) | திங்கள், காலை 9:05

வடிகஞ்சி கேட்டதால் கணக்கு எழுதுகிறேன்.

22 ஜூன் 1986, மெக்சிகோ, இங்கிலாந்துடன் காலிறுதி. 51ஆவது நிமிடம் கையால் ஒன்று. 55ஆவது நிமிடம் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போய், கோல்கீப்பர் ஷில்டனையும் தாண்டி இன்னொன்று. இடைவெளி நான்கு நிமிடம். ரெஃபரி துனிசியாக்காரர். தான் பார்க்கவில்லை, லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை என்றார். ஃபாக்லாந்து தீவுகளுக்காக இந்த இரண்டு நாடும் போட்ட சண்டை முடிந்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது, அதனால் அர்ஜென்டினாவில் அது திருட்டுக் கணக்கில் வரவே இல்லை. வசூல் கணக்கில் வந்தது.

எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் கை கோலுக்குப் பந்து எப்படி வந்தது? ஸ்டீவ் ஹாட்ஜ் என்ற இங்கிலாந்து ஆள் பந்தை வெளியே அடிக்கப் போய், தன் கோல்கீப்பர் பக்கமே தூக்கிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் அதே ஹாட்ஜ் மரடோனாவிடம் சட்டை மாற்றிக்கொண்டார். 2022 மே மாதம் அந்தச் சட்டை ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. 1984இல் ஆளையே வாங்கியதற்குக் கொடுத்த பவுண்டு இதைவிடக் குறைவு. (பணவீக்கம் என்று யாரும் கிளம்ப வேண்டாம், எனக்கும் தெரியும்.) தப்பாக உதைத்தவருக்கு இப்படி ஒரு வரவு எந்தப் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை.

என் அபிப்பிராயம்: ஏமாற்றுத்தான். அடுத்த நான்கு நிமிடத்தில் செய்தது அதை அழிக்கவில்லை. இரண்டையும் பேரேட்டில் தனித்தனிப் பத்தில் எழுத வேண்டும்.

—

தேன்குழல் | திங்கள், மதியம் 2:20

எல்லாருக்கும் நன்றி. முகப்புத்தூண் ஐயா, உங்க ஆச்சியைப் பாக்கணும் போல இருக்கு.

நேத்து ஒரு விஷயம் எழுதாம விட்டேன். அப்பத்தாவுக்கு 86 வயசு. தேன்குழலை எடுத்து அடுக்கிக்கிட்டே கூட இருந்து பாத்தாக. சப்டைட்டிலை அண்ணன் மகன் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தான். கை கோல் வந்தப்ப அப்பத்தா சிரிச்சாக. "சாமர்த்தியக்காரன்"னாக. போதை வந்தப்ப "கூட்டு சரியில்லை"னாக. அதுவரைக்கும் அவர் பக்கம்தான்.

அப்பறம் அந்தப் பொண்ணு வருது. நேப்பிள்ஸ்காரப் பொண்ணு, 1986 செப்டம்பர்ல ஆண் புள்ள பெத்துட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே டிவிக்காரங்ககிட்ட தகப்பன் யாருன்னு பேரைச் சொல்லுது. இந்தாளு இல்லைன்னுட்டார். ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல. 1993ல கோர்ட்டு நீதான் தகப்பன்னு சொன்ன பெறகும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். 2003ல அந்தப் பையன் கோல்ஃப் ஆடுற எடத்துக்குள்ள பூந்து தகப்பனைப் பாத்துப் பேசினானாம், இது அண்ணன் மகன் போன்ல தேடிச் சொன்னது. மனசார மகன்னு சொல்லிக் கட்டிப்பிடிக்க முப்பது வருஷம் கிட்ட ஆயிருச்சு.

அப்பத்தா எடுத்து வச்ச கையை நிறுத்திட்டாக. எங்க பக்கத்துல புள்ளையில்லாத வீட்டுல பிள்ளை கூட்டிக்கிறதுக்கு எவ்வளவு பாடுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். பங்காளிகளைக் கூட்டி, கோயில் பாத்து, ரெண்டு பக்கத்து ஆத்தாமாரும் அழுது. அப்பத்தாவே அப்படி வந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவுகதான். "ஒருத்தன் புள்ளை வேணும்னு ஊரு ஊரா அலையுறான், இவன் பெத்ததை இல்லைங்குறான்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாக. மீதிப் படத்தை அவுக பாக்கலை.

நான் கேட்ட கேள்விக்கு இதை எங்க வைக்கிறது? ஊர் கெடுத்துச்சுன்னு இதுக்குச் சொல்ல முடியாதே.

—

லெஃப்ட்_பேக் | திங்கள், மாலை 5:47

அக்கா, அதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல. அவரோட டிரெய்னர் படத்துல ஒண்ணு சொல்வார் பாருங்க: டியேகோன்னு ஒருத்தன், மரடோனான்னு ஒருத்தன், டியேகோவோட நான் எங்க வேணா வருவேன், மரடோனாவோட ஒரு எட்டு கூட வரமாட்டேன்னு. புள்ளைய இல்லைன்னவன் மரடோனான்னு நாங்க ரசிகருங்க ஒதுக்கி வச்சுக்குவோம். வசதியா இருக்கும்.

2012 அக்டோபர்ல கண்ணூருக்கு ஒரு நகைக்கடை திறக்க வந்தார். நானும் ரெண்டு பேரும் ராத்திரி ரயில்ல நின்னுக்கிட்டே போனோம். ஸ்டேடியத்துல மேடை. குண்டா, குள்ளமா, காதுல கடுக்கன். நம்ம இந்திய டீம்ல ஆடுன ஐ.எம். விஜயனும் அவரும் தலையாலயே பந்தை மாத்தி மாத்தித் தட்டினாங்க. எனக்கு அவ்வளவு தூரத்துல பந்து மட்டும்தான் தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு பெரியவர் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, தோள்ல பேரனை வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தார். அவருகிட்ட போய் கோகெய்ன்னு சொல்ல முடியுமா?

இன்னொண்ணு சொல்றேன், அந்த "ஊர் கெடுத்துச்சா"ங்கிறதுக்கு. எங்க செவன்ஸ் டீம்ல (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுறது) ஒரு வருஷம் பாலக்காட்டுலேருந்து கெஸ்ட் பிளேயர் கொண்டு வந்தோம். ஒரு மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு பேச்சு. ஃபைனல்ல ரெண்டு கோல். தோள்ல தூக்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம், ஒரு வீட்டுல கோழி அடிச்சு சாப்பாடு, பையனுக்கு எங்க ஊர்லயே பொண்ணு பாக்குறோம்னு கேலி. அடுத்த வருஷம் அவன் எதிர் டீமுக்கு வந்தான். அவங்க கூடக் குடுத்தாங்க, வந்தான், வேற என்ன. எங்க கிரவுண்டுலயே எங்களுக்கு எதிரா கோல் போட்டான். கொண்டாடக்கூட இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் திரும்பி நடந்தான். லைன் ஓரத்துலேருந்து தண்ணி பாக்கெட், மண்ணாங்கட்டி, எல்லாம் பறந்துச்சு. போன வருஷம் கோழி போட்ட வீட்டுக்காரர்தான் முதல் ஆளு.

நானும் எறிஞ்சேன். அன்னைக்கு நான் சப்ஸ்டிட்யூட், கையில வேற வேலை இல்ல.

—

வடிகஞ்சி | திங்கள், மாலை 6:02

யோவ். இதை முதல்லயே எழுதியிருக்கலாம்ல.

—

ரங்கூன்_பெட்டி (பள்ளத்தூர்) | திங்கள், இரவு 9:38

நான் இந்தக் குழுவில் எழுதுவதில்லை, படிப்பேன். படத்தையும் பார்க்கவில்லை. தேன்குழல் எழுதிய மகன் சமாசாரத்துக்காக வந்தேன்.

எங்கள் ஐயா கொண்டுவிக்கப் பர்மா போனவர். பதினோரு வருஷத்தில் மூன்று முறைதான் ஊருக்கு வந்தார். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தபோது கால்நடையாகத் திரும்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கைமாத்துப் பத்திரங்கள், ஒரு லாக்கர் சாவி, கண்ணாடி போட்ட ஒரு போட்டோ. போட்டோவில் நான்கு வயது இருக்கும் ஒரு பையன். பர்மாக்காரக் குழந்தைகள் மாதிரி லுங்கி, ஆனால் நெற்றியில் விபூதி. மூக்கு அப்படியே எங்கள் அப்பச்சி மூக்கு.

யார் என்று ஐயா சொல்லவில்லை. அப்பத்தா கேட்கவும் இல்லை. ஆனால் அதை எடுத்து எறியவும் இல்லை, பெட்டகசாலையில் மற்றப் படங்களோடு ஆணி அடித்து மாட்டிவிட்டார். வருகிறவர்கள் கேட்டால் "கூட்டாளி வீட்டுப் பிள்ளை" என்பார். அறுபது வருஷமாகக் கூட்டாளி வீட்டுப் பிள்ளைதான்.

எங்கள் ஐயா ஊருக்கு நல்லது செய்தவர். ஊருணி வெட்டினார், பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தார். இன்றும் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் துண்டை இடுப்பில் கட்டுகிறார்கள். அந்த மரியாதை பொய் இல்லை. அந்த ஆட்டக்காரராவது கடைசியில் கட்டிப்பிடித்தார் என்கிறீர்கள்.

—

கணக்கப்பிள்ளை | திங்கள், இரவு 10:11

தனித்தனிப் பத்து என்று காலையில் எழுதியது நான்தான். இப்போது அதில் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

—

முகப்புத்தூண் | திங்கள், இரவு 10:30

ரங்கூன்_பெட்டி, எங்கள் பக்கத்திலும் இதே போல ஒரு "கூட்டாளி வீட்டுப் பிள்ளை" உண்டு. படம் இல்லை, பெயர் மட்டும். அந்தப் போட்டோவின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா? ஸ்டூடியோக்காரர்கள் தேதி போடுவது வழக்கம்.

—

தேன்குழல் | செவ்வாய், காலை 5:50

ராத்திரி ரங்கூன்_பெட்டி எழுதினதை அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. இன்னைக்கு விடியல்ல காபி குடிக்கும்போது, "அந்த மரடோனா மகனுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்"னு கேட்டாக. 86 செப்டம்பர்னேன். விரலை மடக்கிப் பாத்துட்டு, "நம்ம சின்னவன் செட்டு"ன்னாக. பெறகு, அந்தப் பய தகப்பனைக் கட்டிப்பிடிக்கிற எடம் இருந்தா அதை மட்டும் போடச் சொன்னாக. அண்ணன் மகனை எழுப்பினேன். பத்து செகண்டுதான் வருது. ரெண்டு தடவை போட்டான்.

இன்னைக்கு 300 தேன்குழல், 150 மணகோலம். ஆஃப்சைடு இன்னும் புரியலை, லெஃப்ட்_பேக் தம்பி நேர்ல வந்து சொல்லிக் குடுத்தா ஒரு டப்பா இலவசம்.

—

லெஃப்ட்_பேக் | செவ்வாய், காலை 6:03

சாயங்காலம் வர்றேன். தீப்பெட்டி வேணாம், தேன்குழலையே அடுக்கிக் காட்டுறேன்.

—

ரங்கூன்_பெட்டி | செவ்வாய், காலை 8:15

முகப்புத்தூண் அவர்களுக்கு: இப்போதுதான் இறக்கிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் தகரம் வைத்து ஆணி அடித்திருக்கிறது. எல்லாம் துருப்பிடித்துவிட்டது. நானே கழற்றினால் கண்ணாடி உடையும். நாளைக்கு ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.